அக்காவின் கொம்பியூட்டர் படிப்பும் வைரவர் கோயில் பூவும்

போன மாதம் ஒரு கலியாண வீட்டில் என் வயதுக்காரர் நாலைந்து பேர் கதிரைகளை வட்டமாகப் போட்டுக்கொண்டு பேரப்பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசினோம். பாலர் வகுப்புத் தாண்டாத பிள்ளைகளுக்குக்கூட மென்பொருளா வன்பொருளா என்று முடிவு செய்துவிட்டார்கள். அதில் ஒருத்தி என்னைப் பார்த்து, "உங்கட வீட்டிலையிருந்துதானே எங்கட பக்கத்திலை முதல் முதல் கொம்பியூட்டர் படிக்கப் போனது? அந்தக் காலத்திலை அதை எப்பிடித் தெரிவு செய்தனீங்கள்?" என்று கேட்டாள். நான் சிரித்துச் சமாளித்தேன். பூக்கட்டிப் பார்த்து என்று சொல்லியிருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள். அது நடந்தபோது எங்கள் வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. கூப்பன் அரிசிக்கும் பாணுக்கும் வரிசையில் நின்று வளர்ந்த உங்களுக்குச் சொன்னால் விளங்கும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

எனக்கு ஆண்டும் மாதமும் பிசகக் கூடாது. ஊர் விடயங்களைக் குறித்து வைக்கிற பழக்கம் உள்ளவளுக்கு அது ஒரு நோய். ஆண்டு 1976. அக்காவின் பரீட்சைப் பெறுபேறு வந்த மாதத்தைத்தான் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சித்திரை என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தா. ஆனால் அந்தச் செய்தியை நினைத்தால் எனக்குப் புகையிலை மணமும் கூடவே வருகிறது. குடிலில் புகையிலையைத் தொங்கவிட்டுப் புகை போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்படியானால் பங்குனிக்குப் பிந்தியிருக்காது. அம்மாவின் சித்திரையை நான் ஏற்கவில்லை.

நாங்கள் புங்குடுதீவில் இறுப்பிட்டிப் பக்கம் இருந்தோம். ஐயா கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். அதற்கு முன்னர் கொழும்பில் ஒரு கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். 1958 இனக்கலவரத்தில் கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார். பிறகு திரும்பிப் போகவில்லை. நான் பிறந்தது அறுபத்தாறில். ஆகவே எனக்குத் தெரிந்தது பயந்த ஐயா மட்டும்தான். பொழுதுபட்டால் படலையைப் பூட்டிவிட்டு, பூட்டியதை இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பார். மா மூட்டை கொண்டுவருகிற லொறி கடைவாசலில் கோர்ண் அடித்தால், நிறுத்துக்கொண்டிருந்த சீனியை அப்படியே தராசில் விட்டுவிட்டு எழும்பி நிற்பார். கொழும்பில் என்ன கண்டார் என்று அவர் சொன்னதில்லை, நாங்கள் கேட்டதுமில்லை. ஆனையிறவு தாண்டித் தெற்கே ஒரு கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் அவர் போனதில்லை. நானும் காரணம் தெரியாமலே லொறிக்குப் பயந்தேன்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, வேறு மாதிரி. கொழும்பில் இரும்புச் சாமான் கடை, 'ஹாட்வெயர்' என்பார்கள், வைத்திருந்தார். அவருடைய கடையும் ஐம்பத்தெட்டில் அடிபட்டதுதான். கலவரம் அடங்கியவுடன் போய்ப் புதுக் கதவு போட்டுத் திறந்துவிட்டார். "ஆணி விக்கிறவனுக்கு என்ன பயம் அத்தான்?" என்று ஐயாவைச் சீண்டுவார். ஐயா பதில் சொல்ல மாட்டார்.

இந்தக் கதையில் கொம்பியூட்டரைக் கொண்டுவந்து புகுத்தியவர் மாமாதான், அவருக்கே தெரியாமல். கடதாசிக்குத் தட்டுப்பாடான காலம் அது. ஏதோ ஒரு கந்தோர் கழித்துவிட்ட மட்டைகளை அவர் நிறைக்கு வாங்கி, கடையில் ஆணி சுற்றவும் விலை எழுதித் தொங்கவிடவும் வைத்திருந்தார். ஊருக்கு வரும்போது, கணக்குச் செய்து பழகட்டும் என்று அக்காவுக்கு ஒரு கட்டுக் கொண்டுவந்தார். வெளிர்மஞ்சள் நிறத்தில் நீள்சதுர மட்டை. ஒரு மூலை மட்டும் வெட்டுப்பட்டிருக்கும். மட்டை முழுக்கச் சின்னச் சின்ன நீள ஓட்டைகள். மண்ணெண்ணெயும் துருவும் கலந்து மணக்கும். இன்றைக்கு அப்படி ஒன்றைத் தேடினாலும் கிடைக்காது. வெயிலுக்குப் பிடித்தால் சுவரில் வெளிச்சப் புள்ளிகள் விழும். மட்டையை அசைத்தால் அவை ஓடும். எனக்கு அது பிடிக்கவில்லை. யாரோ அந்த ஓட்டைகளுக்குப் பின்னால் நின்று பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். அக்கா கணக்குச் செய்து முடித்த மட்டைகளைக்கூட நான் கவிழ்த்துத்தான் வைப்பேன்.

அக்கா கணக்கை விட்டுவிட்டு ஓட்டைகளைப் பார்க்கத் தொடங்கினாள். சில மட்டைகளின் மேல்விளிம்பில் மங்கலாக ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும் அடித்திருந்தன. எந்த எழுத்துக்குக் கீழே எந்த இடத்தில் ஓட்டை விழுந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, முழு நெடுங்கணக்கையும் அவளே கண்டுபிடித்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் ஒருவரும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு நாள் பின்னேரம், ஐயா கடையால் வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, விளிம்பில் எழுத்தே இல்லாத ஒரு மட்டையை எடுத்து, ஓட்டைகளை மட்டும் பார்த்து எழுத்தெழுத்தாக வாசித்துக் காட்டினாள். ஏதோ ஊரின் பெயரும் சில இலக்கங்களும் வந்தன. அவளுடைய முகத்தை அப்படி நான் அதற்கு முன்னர் கண்டதில்லை. நல்ல பசியில் சாப்பிடுகிறவளின் முகம்.

"இதை ஒரு மெசின் வாசிக்குதாம் ஐயா. நாங்கள் ஓட்டை போட்டுக் குடுத்தால் அது கணக்குச் செய்து தருமாம். அதுக்கெண்டு ஒரு படிப்புக் கிடக்கு."

ஐயா மட்டையை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

"இதிலை ஆக்களின்ர பேரும் போடலாமோ?"

"ஓம் ஐயா. பேர், விலாசம், எல்லாம்."

"எங்கட பேரும்?"

"போட்டால் போடலாம்."

ஐயா மட்டையைக் கதிரைக் கையில் வைத்துவிட்டு, தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பிப் போனார். அவர் என்ன நினைத்தார் என்று அன்றைக்கு அக்காவுக்கும் விளங்கவில்லை. பேரையும் விலாசத்தையும் வைத்துத் தமிழரைத் தேடி வருகிறவர்களைத்தான் நினைத்திருப்பார் என்று இப்போது எனக்குப் படுகிறது.

அக்காவின் புள்ளிகள் நல்லவை. விஞ்ஞானப் பட்டப்படிப்புக்கு இடம் நிச்சயம் கிடைக்கும் என்றார்கள். கொழும்பிலிருந்த பல்கலைக்கழக வளாகத்தைக் கேட்பதா, யாழ்ப்பாணத்தில் புதிதாகத் திறந்திருந்த வளாகத்தைக் கேட்பதா என்பதுதான் பிரச்சினை. இரண்டிலும் கணிதம் இருந்தது. கொழும்பில் கணிதத்தோடு கொம்பியூட்டரும் கொஞ்சம் படிக்கலாம், அங்கே மெசினைக் கண்ணால் காணலாம் என்று அக்கா கேள்விப்பட்டிருந்தாள்.

மாமா ஆனியில் நயினாதீவுத் திருவிழாவுக்கு வந்தபோது வீட்டு முற்றத்தில் பெரிய கதை நடந்தது.

"என்ன பிள்ளை, ஹாட்வெயர் படிக்கப் போறியாம்? அதுக்கேன் வளாகம்? என்ர கடையிலை வந்து நில். ஆறு மாசத்திலை ஆணி, பிணைச்சல், கொண்டி எல்லாம் பாடமாக்கித் தாறன்."

"அது வேற மாமா. மெசினை ஆக்கிறது ஒரு படிப்பு. மெசின் என்ன செய்ய வேணுமெண்டு எழுதிக் குடுக்கிறது இன்னொரு படிப்பு. எனக்கு இரண்டாவது."

"எழுதிக் குடுக்கிறதோ? அப்ப உன்ர ஐயாவைப் போலக் கிளாக்கர் வேலை எண்டு சொல்லன்."

"நீ ஒருத்தன், எல்லாத்துக்கும் பகிடி," என்றா அம்மா. "இஞ்ச ஒரு வளாகம் கிடக்கேக்கை எதுக்குக் கொழும்பு? கணக்குப் படிச்சால் ரீச்சராய் வரலாம். சனி ஞாயிறிலை வீட்டை வந்து போகலாம். கொம்பியூட்டர் எண்டால் ஆருக்குத் தெரியும்? நாளைக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்தால், பிள்ளை என்ன படிச்சதெண்டு நான் என்னத்தைச் சொல்லுறது?"

"ஓட்டை போடப் படிச்சதெண்டு சொல்லக்கா," என்றார் மாமா.

அம்மா அவரை முறைத்துவிட்டு ஐயாவிடம் திரும்பினா. "நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன். கொழும்பு எப்பிடியெண்டு உங்களுக்குத்தானே தெரியும்."

எல்லோரும் ஐயாவைப் பார்த்தோம். அவர் வேண்டாம் என்று சொல்லப் போகிறார் என்றே நினைத்தோம். அக்கா கைவிரல்களை மடிக்குள் வைத்து நெரித்துக்கொண்டிருந்தாள்.

"யோசிப்பம்," என்றார் ஐயா.

அந்தச் சொல்லைத்தான் அவர் பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார். விண்ணப்பம் அனுப்ப வேண்டிய திகதி கிட்டக் கிட்ட அம்மா காலையும் மாலையும் கேட்டா. யோசிப்பம். அக்கா அவரிடம் ஒருநாளும் நேரே கேட்கவில்லை. கேட்டால் "வேண்டாம்" வந்துவிடும் என்று பயந்தாள். இரவில் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "ஐயா ஓமெண்டு சொல்ல மாட்டார். அவராலை ஏலாது," என்று ஒரு தடவை சொன்னாள். அழவில்லை. எனக்கோ, அவள் போனால் அந்தப் பாயில் தனியே படுக்க வேண்டுமே என்ற பயம்.

கடைசியில் அம்மாதான் சொன்னா: "வைரவரிட்டை விடுவம்."

எங்கள் பக்கத்தில் பூக்கட்டிப் பார்க்கிற வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மனிதர் முடிவெடுக்க ஏலாத காரியத்துக்குச் சிவப்புப் பூ ஒன்றையும் வெள்ளைப் பூ ஒன்றையும் தனித்தனியே இலையில் பொதிந்து கட்டிச் சாமியின் முன்னால் போடுவார்கள். வயதுக்கு வராத பெண்பிள்ளை ஒருத்தி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் யாழ்ப்பாணம், சிவப்பு வந்தால் கொழும்பு என்று அம்மா தீர்மானித்தா. எங்கள் வீட்டில் அந்த வயதில் இருந்தவள் நான்தான்.

எங்கள் வைரவர் கோயிலில் சிலை இல்லை. ஆலமரத்துக்குக் கீழே ஒரு சூலம் நட்டுச் சின்னதாகக் கூரை போட்டிருந்தது. வாசலில் சீமெந்தில் ஒரு நாய். பூசை இல்லாத நேரத்தில் நான் அந்தப் பக்கம் போக மாட்டேன். வைரவர் பிழை விட்டவர்களைத் தன் நாயை விட்டுத் தேடுவார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லுவார்கள். அன்று வெள்ளிக்கிழமை, மத்தியானம் கழிந்து வெயில் சரிகிற நேரம். அம்மா கோயிலுக்குள் வரக்கூடாத நாள், தெருவில் நின்றா. அதனால் பூவைக் கட்டுகிற வேலை ஐயாவிடம் போனது. அவர் கிணற்றடிப் பக்கம் போய், எங்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு நின்று, சிவப்புக்குச் செவ்வரத்தை, வெள்ளைக்கு நந்தியாவட்டை என்று சொல்லிப் பூவரசம் இலைகளில் பொதிந்து வாழைநாரால் கட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பொட்டலங்களும் ஒரே அளவு. தட்டத்தில் போட்டுக் குலுக்கிச் சூலத்தடியில் வைத்தார். அக்கா கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

"எடு பிள்ளை," என்றார் ஐயா.

என் கை நகரவில்லை. அக்காவின் முகம், தெருவில் நின்ற அம்மாவின் முகம், இரண்டையும் பார்த்தேன். எதை எடுத்தாலும் ஒருவர் அழுவார். எதை எடுத்தாலும் அது என் கை எடுத்தது. சீமெந்து நாய் என் முழங்கால் உயரத்தில் நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டு கைக்கு அகப்பட்டதை எடுத்தேன்.

ஐயா நாரை அவிழ்த்தார். சிவப்பு.

அக்கா மூச்சை உள்ளே இழுத்த சத்தம் எனக்குக் கேட்டது. தெருவில் நின்ற அம்மா, "மற்றதை விரியுங்கோ பாப்பம்," என்றா. "விரிக்கக் கூடாது," என்று ஐயா மற்றப் பொட்டலத்தை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அது வழக்கம்தான் என்று நாங்கள் நினைத்தோம்.

அந்த ஆண்டு மாரி தொடங்கிய பிறகு அக்கா போனாள். தாம்போதியில் பஸ் போகும்போது இரண்டு பக்கமும் கடல் கலங்கி, அலை தெருவில் ஏறியது. மாமா யாழ்ப்பாணத்துக்கு வந்து புகையிரதக் கோச்சியில் அவளைக் கூட்டிக்கொண்டு போனார். தனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பமொன்றின் வீட்டில் அக்காவை இருத்தினார்.

பிறகு எனக்குப் பயம் தொடங்கியது. தபால்காரன் எங்கள் படலையைத் தாண்டிப் போகிற ஒவ்வொரு நாளும், ஏதோ நடந்துவிட்டது, நான் எடுத்ததால் நடந்தது என்று நினைப்பேன். சாப்பிடும்போது என் வலது கையைப் பார்ப்பேன். அம்மா வேறு, வீட்டுக்கு வருகிறவர்களிடம், "எல்லாம் இவளின்ர கை செய்த வேலை," என்று என்னைக் காட்டுவா. பெருமையாகச் சொல்கிறாவா, குறையாகச் சொல்கிறாவா என்று எனக்குத் தெரியாது. நான் கையை முதுகுக்குப் பின்னால் மறைப்பேன். இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. பிள்ளையின் கை பாவமறியாதது என்றுதான் பெரியவர்கள் அதை நீட்டச் சொல்கிறார்கள். அந்தக் கை வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகு என்ன ஆகும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

1977 சித்திரை விடுமுறைக்கு அக்கா வந்தாள். வாய் ஓயவில்லை. கணக்கை எழுதி, மட்டைகளில் ஓட்டை அடித்து, கட்டாகக் கட்டி ஒரு சன்னலுக்குள்ளால் கொடுத்துவிட்டு வர வேண்டுமாம். மறுநாள் போனால் நீளக் கடதாசியில் விடை வருமாம். ஒரு ஓட்டை பிழைத்தால் முழுக் கட்டும் திரும்பி வருமாம். மெசின் இருக்கிற அறைக்குள் மாணவர் போக ஏலாது, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம். அது குளிராக இருக்க வேண்டுமாம், மனிதருக்கு விசிறிகூட இல்லாத இடத்தில் அதற்கு மட்டும் குளிர்க்காற்று.

"பயமில்லையோ?" என்று ஐயா கேட்டார்.

"மெசினுக்கோ ஐயா?"

"இல்லை. பஸ்ஸிலை போய் வரேக்கை."

"இல்லை," என்றாள் அக்கா. ஐயா தலையாட்டினார்.

ஆவணியில் கலவரம். தேர்தல் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. முதலில் யாழ்ப்பாணத்தில் சந்தை எரிந்தது என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். பிறகு வானொலி தெற்கில் ஊரடங்குச் சட்டம் என்றது. வேறொன்றும் சொல்லவில்லை. கொழும்பில் பிள்ளைகளையும் கடைகளையும் வைத்திருந்தவர்கள் தபால்கந்தோர் வாசலில் வெயிலில் நின்றார்கள். தந்தியும் இல்லை, கடிதமும் இல்லை. ஐயா சங்கக்கடையைத் திறந்துவைத்துக்கொண்டு உள்ளே ஒரு சாக்கின் மேல் இருந்தார். சனம் தங்கள் பாட்டுக்கு நிறுத்து எடுத்துக்கொண்டு போனது.

அப்படி ஒரு மத்தியானம். அம்மா குசினியில் உலை வைத்திருந்தா. நான் பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்தேன். ஐயா சாப்பாட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா அகப்பையை வைத்துவிட்டு என்னையே பார்த்தா.

"நீதானேடி எடுத்தனி. வெள்ளையை எடுத்திருந்தால் என்ர பிள்ளை இண்டைக்கு இஞ்ச நிண்டிருக்கும்."

நான் வெங்காயத்தைக் கீழே வைத்தேன். ஐயா ஈரக் காலோடு குசினி வாசலில் வந்து நின்றார்.

"அவளை விடு," என்றார். "அவள் எதை எடுத்திருந்தாலும் சிவப்புத்தான் வந்திருக்கும்."

அம்மா விளங்காமல் திரும்பினா.

"இரண்டிலயும் செவ்வரத்தைதான் வைச்சனான்."

உலை கொதித்து மூடி தட்டிக்கொண்டிருந்தது. ஒருவரும் அதைத் தொடவில்லை.

"வைரவரை ஏமாத்தினீங்களோ?" அம்மாவின் குரல் இறங்கிப் போயிருந்தது.

"ஓம்."

"என்னத்துக்கு?"

"என்ர வாயாலை போ எண்டு சொல்ல ஏலாமல் கிடந்தது. சொன்னால், பிறகு ஏதும் நடந்தால், நான் சொன்னதெண்டு ஆகிவிடும்." கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார். "அம்பத்தெட்டிலை வந்து இந்தச் சங்கக்கடைக்குள்ளை பூந்தனான். இன்னும் வெளியிலை வரேல்லை. அவளும் எனக்குப் பக்கத்திலை வந்து குந்திவிடுவாளோ எண்டு பயமாக் கிடந்தது. கொழும்பை விட அது எனக்குப் பயம்."

அம்மா விறகை இழுத்துத் தண்ணீர் தெளித்தா. அன்றைக்கு அரைவேக்காட்டுச் சோறு. அதைக்கூட ஒருவரும் சாப்பிடவில்லை.

எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் கை தப்பிவிட்டது. ஆனால் வைரவர் இனி ஐயாவைத் தேடுவார் என்று புதிதாகப் பயம் பிடித்தது. ஐயா கடைக்கு நடந்து போகும்போது அவருக்குப் பின்னால் தெருநாய் ஏதாவது போகிறதா என்று படலையில் நின்று பார்ப்பேன்.

கப்பல் வருகிறது என்ற செய்தி கிடைத்ததும் ஐயா என்னையும் கூட்டிக்கொண்டு காங்கேசன்துறைக்குப் போனார். ஏன் என்னைக் கூட்டிக்கொண்டு போனார் என்று தெரியாது. தனியே நிற்கப் பயந்திருக்கலாம். தான் வந்து இறங்கிய துறைக்கு அவர் பிறகு போனது அன்றுதான். சனம் இறங்கி வந்துகொண்டே இருந்தது. வியர்வை, எண்ணெய், பிள்ளைகளின் வாந்தி, எல்லாம் சேர்ந்த மணம். அக்காவை நான் முதலில் அடையாளம் காணவில்லை. நெற்றியில் பொட்டு இல்லை, காதில் தோடு இல்லை, யாரோ கொடுத்த ஒரு கவுண். கலவரக்காரர் கண்டுபிடிக்காமல் இருக்க எல்லாவற்றையும் கழற்றியிருக்கிறாள். இருந்த வீட்டுக்காரர்களோடு ஓடி, ஒரு கோயில் மண்டபத்தில் மாமாவைக் கண்டு, அவரோடு வந்து சேர்ந்திருந்தாள். ஐயா அவளுடைய தலையைத் தொட்டார். பிறகு காதைத் தொட்டுப் பார்த்தார்.

மாமா தாடியோடு நின்றார். "இரும்புக் கடை எரியாதெண்டு நினைச்சனான் அத்தான்," என்றார். அந்த ஒரு முறைதான் ஐயா பதிலுக்கு அவருடைய கையைப் பிடித்தார்.

மழைக்காலம் வருவதற்கிடையில் கொழும்பில் வகுப்புகள் தொடங்குகின்றன என்று அறிவித்தல் வந்தது. யாழ்ப்பாண வளாகத்துக்கு மாறவும் கேட்டுப் பார்க்கலாம் என்றார்கள். அம்மா அதைப் பிடித்துக்கொண்டா. யாழ்ப்பாணம் எங்கள் இடம், அங்கே ஒன்றும் நடக்காது என்பது அந்த வீட்டின் கணக்கு. அந்தக் கணக்கு எவ்வளவு காலம் நின்றது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அக்கா வந்ததிலிருந்து அதிகம் பேசவில்லை. லொறி கோர்ண் அடித்தால் இப்போது அவளும் எழும்பினாள். ஒரு தடவை கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது கண்டேன்: ஐயா சாக்கில் இருந்தார், பக்கத்துச் சாக்கில் அவள் இருந்தாள். லொறிச் சத்தத்துக்கு இருவரும் ஒரே நேரத்தில் எழும்பி நின்றார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

அன்று பின்னேரம் ஐயா அக்காவைக் கேட்டார். "என்ன பிள்ளை செய்யப் போறாய்?"

"எனக்குப் பயமாக் கிடக்கு ஐயா."

"எனக்கும்தான்."

"ஆனால் மெசின் இஞ்ச இல்லை." அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "கடைசியாக் குடுத்த கட்டுக்கு என்ன விடை வந்ததெண்டும் தெரியாது."

"விடையும் மண்ணாங்கட்டியும்," என்றா அம்மா. "உயிரோடை வந்தது காணாதோ? இன்னொருக்கால் வைரவரிட்டைக் கேப்பம். இந்த முறை நான் கட்டுறன், ஒழுங்கா."

ஐயா எழும்பினார். வேட்டியை இறுக்கிக் கட்டினார். அவருடைய வாய் இரண்டு மூன்று முறை திறந்து மூடியது.

"வேண்டாம். போ பிள்ளை. நான் சொல்லுறன், போ. ஏதும் நடந்தால் கொம்மா என்னைக் கேக்கட்டும்."

அம்மா முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டா. அக்கா அழுதாள், கப்பலால் இறங்கிய பிறகு முதல் தடவையாக.

அவள் போன நாளில் யாழ்ப்பாணம் புகையிரத நிலையத்துக்கு நாங்கள் எல்லோரும் போனோம். காலைக் கோச்சி. பெட்டியில் பாதி இருக்கைகள் வெறுமையாகக் கிடந்தன. ஐயா அக்காவின் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஏறினார். இருக்கைக்குக் கீழே தள்ளி வைத்தார். பிறகு அவளுக்கு எதிரே இருந்துவிட்டார். மணி அடித்தது.

"வெளிக்கிடப் போகுது, இறங்குங்கோ," என்று அம்மா சன்னலடிக்கு ஓடினா.

"கொண்டுபோய் விட்டிட்டு வாறன்."

மாற்று வேட்டிகூட எடுத்து வரவில்லை. அம்மா மடியிலிருந்த பலகாரப் பொதியைச் சன்னலுக்குள்ளால் நீட்டினா. ஐயா அதை வாங்கவில்லை, அக்காதான் வாங்கினாள். கோச்சி அசைந்தபோது அவருடைய முகம் வெளுத்துப் போயிருந்தது. இரண்டு கைகளாலும் சன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தார். நான் பிளாட்போம் முடியும்வரை கூடவே ஓடினேன். அவர் எங்களைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஆனால் இறங்கவில்லை.